எழுத்து, சைக்கிள், குவாரி: புதுக்கோட்டை அறிவொளியின் வரலாறு

சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமானது. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தால் கூலி வேலையும் கல்லுடைப்பும்தான் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. இந்த மண்ணில் வேர்விட்ட அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் வரலாறு நம் அனைவருக்கும் உரியது.

அதற்கான விதைகள் எண்பதுகளிலேயே விழுந்துவிட்டன. 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமானது. அதே ஆண்டு கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்று மக்களை எழுப்பின.

1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் புதுக்கோட்டையில் அறிவொளி தொடங்கியது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் படித்த இளைஞர்களும் தோள்கொடுத்தனர். தொண்டர்கள் ஊதியம் எதுவும் பெறவில்லை. பகலெல்லாம் வயலிலும் குவாரியிலும் உழைத்த பெண்கள், உலை இறக்கிவைத்துவிட்டு இரவு வகுப்புக்கு வந்தார்கள். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பென்சில் எளிதில் வசப்படவில்லை. அந்த விரல்களைப் பிடித்துப் பெயர் எழுதப் பழக்கிய தொண்டர்களின் பொறுமைதான் இந்த இயக்கத்தின் அடித்தளம்.

எழுத்தோடு பிழைப்பும் உயர வேண்டும் என்பதில் இயக்கம் உறுதியாக இருந்தது. ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாய்க் கிடந்த கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகத் திரண்டனர். குவாரிகளை அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றுத் தாங்களே நடத்தினர். கணக்குப் பார்க்கவும், கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போடவும் அறிவொளிப் பாடம் அவர்களுக்குக் கைகொடுத்தது.

அடுத்து வந்தது சைக்கிள். பெண்கள் யாரையும் எதிர்பாராமல் போய்வர, அதை ஓட்டக் கற்றுத்தருவதும் எழுத்தறிவுப் பணியின் ஓர் அங்கமானது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. கேலிப் பேச்சுகளைத் தாங்கிக்கொண்டே பெண்கள் பழகினார்கள். கவிஞர் முத்து பாஸ்கரனின் சைக்கிள் பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளை ஓட்டி, அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துச் சென்றார்கள். 1992 மார்ச் 8, உலக மகளிர் நாளில், 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி நகரை வலம் வந்தனர். சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. விளைபொருளைத் தாங்களே எடுத்துச் சென்று விற்க முடிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுத, புதுக்கோட்டையின் பெயர் நாடெங்கும் பரவியது.

பின்னர் கற்றது மறந்துபோகாமல் காக்க வளர்கல்வி மையங்கள் வந்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெருகிய காலத்தில், பதிவேடு எழுதவும் வங்கிக்குத் தயங்காமல் போய்வரவும் அறிவொளியில் பெற்ற துணிவு துணை நின்றது.

 பலன் கருதாது உழைத்த தொண்டர்களும், களைப்பை மறந்து கற்ற தாய்மார்களும் ஏற்றிய ஒளியை அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமை.