தத்துப் பயணமும் பெற்ற தாயும்: நேரில் செல்லும் விதியின் வரலாறு (1955–2024)

முன்னுரை

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கும் தம்பதியர் அந்த நாட்டுக்கே போய், குழந்தையைப் பார்த்து, அங்குள்ள அதிகாரிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு அழைத்து வருவது கடந்த சில பத்தாண்டுகளில் இயல்பான நடைமுறையாகிவிட்டது. தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. குழந்தைதான் விமானம் ஏறியது. பெற்றோர் தம் ஊர் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது, எதைக் காத்தது, எதைக் காக்கத் தவறியது என்பதைக் கொரியா, இலங்கை, ருமேனியா, சீனா ஆகிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நேரில் செல்லும் விதி, குழந்தை யாரிடம் போகிறது என்பதைச் சோதிக்கப் பிறந்தது. யாரிடமிருந்து வருகிறது என்பதை அறியும் ஆற்றல் அதற்கு எந்தக் கட்டத்திலும் இருந்ததில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. கொரியா: பார்க்காமலே பெற்றோர்

கொரியப் போர் 1953இல் ஓய்ந்தபோது, அமெரிக்கச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வெளிநாட்டு அனாதைக் குழந்தைகளை மட்டுமே அனுமதித்தது. ஓரிகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட், 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் தமக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய பின் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார். அவரைப் பின்பற்ற விரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பதிலாள் தத்து என்னும் வழி திறந்தது. அமெரிக்கப் பெற்றோர் சார்பில் வேறொருவர் கொரிய நீதிமன்றத்தில் நிற்பார். தத்து அங்கேயே முடிந்துவிடும். குழந்தைகள் தனி விமானங்களில் கூட்டமாக வந்து இறங்குவார்கள்.

அமெரிக்கக் குழந்தைநல அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. பெற்றோரின் தகுதியை எவரும் சரிவரச் சோதிக்கவில்லை என்பது அவற்றின் கவலை. இதன் விளைவாக 1961இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர் குழந்தையை நேரில் பார்த்துத் தத்தெடுத்திருக்க வேண்டும். இல்லையேல், தம் மாநிலச் சட்டத்தின் முன்நிபந்தனைகளை நிறைவேற்றி, குழந்தை வந்தபின் அங்கே தத்தெடுக்க வேண்டும். நேரில் செல்லும் விதியின் வேர் இங்கே இருக்கிறது.

கொரியா பெரும்பாலும் இரண்டாம் வழியிலேயே தொடர்ந்தது. 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போனார்கள். பலரை வழித்துணையாக வந்தவர்களே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாய் தந்தை உயிரோடிருந்த பல குழந்தைகளுக்கும் அனாதை எனத் தனிக் குடும்பப் பதிவேடு உருவாக்கப்பட்டது. தத்தெடுக்கும் பெற்றோர் கொரியாவுக்கு வந்து குடும்ப நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும் என்ற நிலை 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தால்தான் ஏற்பட்டது.

பயணம் செய்தார்களா இல்லையா என்பது குழந்தையின் குடியுரிமையையும் தொட்டது. 2001 பிப்ரவரியில் அமலான அமெரிக்கச் சட்டப்படி, பெற்றோர் நேரில் சென்று வெளிநாட்டிலேயே தத்தை முடித்திருந்தால் குழந்தை அமெரிக்க மண்ணில் நுழைந்ததுமே குடிமகனாகிவிடும். அதற்குமுன் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் விட்ட பெற்றோரின் பிள்ளைகளில், அந்தத் தேதிக்குள் 18 வயதைக் கடந்தவர்களுக்குச் சட்டம் உதவவில்லை. கைக்குழந்தையாக வந்து நடுவயதை எட்டியவர்களும் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் விட்ட குறைக்குப் பிள்ளைகள் தண்டனை பெற்றது பெரும் அநீதி.

2. இலங்கை: நீதிமன்றத்தில் நின்ற தாய்

நேரில் செல்வதே போதுமான பாதுகாப்பு என்ற நம்பிக்கையை இலங்கையின் வரலாறு உடைக்கிறது. 1970களிலும் 1980களிலும் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளின் தம்பதியர் பலர் இலங்கைக்கே வந்தார்கள். தங்கியிருந்து நீதிமன்றத்தில் ஆஜரானார்கள். குழந்தையின் தாய் என்று ஒரு பெண்ணும் அங்கே வந்து சம்மதம் சொன்னாள். அந்தப் பெண்களில் சிலர் குழந்தையைப் பெற்றவர்களே அல்ல, பணத்துக்கு அந்த வேடம் ஏற்றவர்கள் என்பது 2017இல் ஒளிபரப்பான நெதர்லாந்துத் தொலைக்காட்சிப் புலனாய்வில் உறுதிப்பட்டது. இங்கே பயணம் நடந்தது, நீதிபதி இருந்தார், தாயையும் பார்த்தாயிற்று. ஆனாலும் உண்மை மறைந்தே இருந்தது. மொழி தெரியாத, சில வாரங்களில் ஊர் திரும்ப வேண்டிய தம்பதியருக்கு எதிரே நிற்பவள் யார் என்று அறிய வழியில்லை.

1973 முதல் 1997 வரை சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 881 இலங்கைக் குழந்தைகள் தத்துப் போனார்கள். சுவிஸ் அரசு முறைகேடுகளைப் பற்றி அப்போதே தகவல் கிடைத்தும் செயல்படத் தவறியதை ஏற்று 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்தில் யூஸ்ட்ரா என்பவர் தலைமையிலான அரசு விசாரணைக் குழு, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளின் தத்துகளை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது; அரசு வெளிநாட்டுத் தத்துகளை உடனே நிறுத்தி வைத்தது.

3. ருமேனியாவும் ஹேக் உடன்படிக்கையும்

ருமேனியாவின் ஆட்சியாளர் சௌஷெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்ததன் விளைவாக அந்நாட்டின் காப்பகங்கள் நிரம்பி வழிந்தன. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்து, காப்பகக் குழந்தைகளின் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்ததும் மேற்கத்தியத் தம்பதியர் அந்நாட்டை நோக்கி விரைந்தார்கள். 1990 தொடக்கத்திலிருந்து 1991 நடுப்பகுதிக்குள் சுமார் 10,000 குழந்தைகள் நாட்டைவிட்டுப் போனார்கள். காப்பகங்களோடு நிற்காமல், தரகர்களின் துணையோடு ஏழைக் குடும்பங்களின் வீட்டுவாசலுக்கே போய்ப் பேரம் பேசியவர்களும் இருந்தார்கள். 1991 கோடையில் அரசு இதற்குத் தடை போட்டது.

வெளிநாட்டுத் தத்துகளை ஒழுங்குபடுத்த 1993 மே 29இல் முடிவான ஹேக் உடன்படிக்கையில் இந்த அனுபவத்தின் தடம் தெளிவாகத் தெரிகிறது. தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும், அதைப் பணம் கொடுத்துப் பெறக்கூடாது என்கிறது 4ஆம் பிரிவு. இத்தகைய நிபந்தனைகள் நிறைவேறும்வரை தத்தெடுப்போரும் குழந்தையின் பெற்றோரும் சந்திக்கக்கூடாது என்பது 29ஆம் பிரிவின் பொதுவிதி. பேரத்தைத் தடுக்க இது தேவையான விதிதான். ஆனால் இதன்பின், பயணிக்கும் குடும்பத்துக்குப் பெற்ற தாயைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் அரசு அலுவலகம் தரும் கோப்பு மட்டுமே. கோப்பு பொய்யானால் எல்லாம் பொய்.

இந்திய உச்சநீதிமன்றம் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984இலேயே வேறொரு திசையில் சிந்தித்தது. குழந்தையை ஒப்படைக்க முடிவெடுத்த பெற்றோருக்கு மறுயோசனைக்குச் சுமார் மூன்று மாத அவகாசம் தரவேண்டும் என்றது நீதிபதி பகவதியின் தீர்ப்பு. பெற்றவளின் பக்கம் நின்று பார்த்த அந்தப் பார்வை இந்த வரலாற்றில் அரிது.

4. சீனா: ஒழுங்குபடுத்தப்பட்ட பயணம்

1992 ஏப்ரலில் சீனாவின் தத்துச் சட்டம் அமலானது. பயணம் அங்கே அரசே வகுத்த சீரான நடைமுறையாயிற்று. தம்பதியர் முதலில் சாங்ஷா, நான்சாங் போன்ற மாகாணத் தலைநகருக்குப் போவார்கள். காப்பக ஊழியர்கள் குழந்தைகளை ஓட்டலுக்கோ குடிமை விவகார அலுவலகத்துக்கோ கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். பதிவும் குழந்தையின் பாஸ்போர்ட்டும் முடிந்தபின் அமெரிக்கர்கள் குவாங்சோவுக்குப் போய், குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை முடித்து, துணைத் தூதரகத்தில் விசா பெறுவார்கள். ஷாமியன் தீவிலிருந்த வெள்ளை அன்னம் ஓட்டல் இவர்களின் தங்குமிடமாகப் பெயர்பெற்றது. ஒரே சிவப்பு சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுப்பது அங்கே சடங்கானது. சீனக் குழந்தையைக் கையில் ஏந்திய பார்பி பொம்மையையும் அங்கே தங்கிய குடும்பங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். 2005இல் மட்டும் ஏறத்தாழ 7,900 குழந்தைகள் அமெரிக்கா போனார்கள்.

தத்தெடுக்கும் குடும்பங்கள் காப்பகத்துக்குப் பெரும்பாலும் 3,000 டாலர் நன்கொடை தந்தன. குழந்தை வந்து சேர்ந்தால் பணம் வரும் என்றானபோது சில காப்பகங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கின. ஹூனான் மாகாணத்து ஹெங்யாங்கில் 2005இல் இது அம்பலமாகி வழக்காயிற்று. அதே மாகாணத்தில், ஒரு குழந்தைக் கொள்கையை மீறியதாகச் சொல்லி அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பறித்த குழந்தைகள் தத்துக்கு அனுப்பப்பட்டதை 2011இல் சீனப் பத்திரிகையே வெளியிட்டது. அக்குழந்தைகளின் கோப்பில் "கைவிடப்பட்டது" என்றே இருந்தது. சிவப்பு சோபாவின் முன் நின்ற பெற்றோர் எவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2024 செப்டம்பரில், நெருங்கிய இரத்த உறவினருக்கு விலக்களித்து, வெளிநாட்டுத் தத்தைச் சீனா நிறுத்திக்கொண்டது.

முடிவுரை

நேரில் போன பெற்றோரின் அன்பை இந்த வரலாறு குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பயணத்தால் நல்ல வீடு கிடைத்த குழந்தைகள் ஏராளம். ஆனால் 1961 முதல் எழுதப்பட்ட விதிகள் பெறுகிறவர் வருகையை வலியுறுத்திய அளவுக்குக் கொடுக்கிறவள் சம்மதத்தை விசாரிக்கவில்லை. தாயின் ஊருக்குப் போய், அவள் மொழியில், பணத்தோடு தொடர்பில்லாத ஒருவர் கேட்டறியும் ஏற்பாடு இருந்திருந்தால் இலங்கையின் போலித் தாய்மாரும் ஹூனானின் பொய்க் கோப்புகளும் முளைத்திருக்க முடியாது.

இன்று பயணத்தின் திசை மாறியிருக்கிறது. தத்துப் போய் வளர்ந்தவர்கள் மரபணுப் பரிசோதனையின் துணையோடு சியோலுக்கும் கொழும்புக்கும் வந்து தாயைத் தேடுகிறார்கள். அனுப்பிய அரசுகளும் பெற்றுக்கொண்ட அரசுகளும் தம்மிடமுள்ள கோப்புகளை அவர்களுக்கு முழுமையாகத் திறந்துவிட வேண்டும். தேடும் செலவையும் ஏற்க வேண்டும். அன்று பெற்றோர் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட முடிந்த அரசுகளுக்கு இது இயலாத காரியமல்ல.