மறதிநோய் சென்னைக்குத் தெரியவந்த வரலாறு

வயது ஏற ஏற மூளை சுருங்குவது இயல்பு. நாற்பதைத் தாண்டிய பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு அதன் கனஅளவு குறைகிறது. பெயர்கள் சட்டென்று நாவுக்கு வருவதில்லை. கணக்குப் போட நேரம் பிடிக்கிறது. ஆனால் சொல்வளமும் பட்டறிவும் பெரும்பாலும் குறைவதில்லை. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இதனின்று வேறானது. அதில் ஆயுள் முழுக்கச் சமைத்தவருக்கு எதன்பின் எது என்ற வரிசை தவறுகிறது. பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் போகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவத்துக்கு வெகுகாலம் ஆனது. சென்னையில் அந்த வரலாற்றின் முற்பகுதி, நகருக்குள் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குப் பாதியில், கீழ்ப்பாக்கத்துக்கும் பொது மருத்துவமனைக்கும் இடையே நடந்தது.

1794இல் மருத்துவர் வாலண்டைன் கனோலி புரசைவாக்கத்தில் மனநோயாளருக்கு ஒரு விடுதி தொடங்கினார். அந்த மரபில் 1871இல் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்தில் அரசு மனநோய் விடுதி திறக்கப்பட்டது. 1922இல் அது அரசு மனநல மருத்துவமனை ஆனது. 1978இல் மனநலக் கழகம் என்ற பெயர் பெற்றது. டிமென்ஷியா என்ற சொல் அக்கால விடுதிக் கணக்குகளில் உண்டு. ஆனால் வயது பாராமல், அறிவு மங்கிய எவரையும் அது குறித்தது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருந்த முதியவர் நோயாளியாகவே எண்ணப்படவில்லை. வயதாகிவிட்டது என்று வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவரும் அதற்கு மேல் தேடவில்லை.

இந்தப் பார்வை சென்னைக்கு மட்டும் உரியதல்ல. 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண் ஒருவரை அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்து வந்தார். 1906இல் அப்பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். படிவுகள் அமிலாய்ட் புரதத்தாலும் இழைகள் டௌ புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்தில் தெளிவானது. 1910இல் எமில் கிரெப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டார். எனினும் பல பத்தாண்டுகள் அது நடுவயதில் வரும் அரிய நோயாகவே கருதப்பட்டது. முதியோரின் மறதிக்கு இரத்தக்குழாய் தடிப்பே காரணம் என்று நம்பப்பட்டது. இரண்டும் ஒரே நோய் என்றும், முதியோரிடையே அது பரவலானது என்றும் 1976இல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன் வாதிட்ட பிறகே நிலை மாறியது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையிலும் மாற்றம் தொடங்கியது. 1978இல் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988இல் அதற்கு உள்நோயாளர் பிரிவும், 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் நலத்துக்கென்று எம்.டி. பட்டப்படிப்பும் வந்தன. மறதிநோயாளருக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு. அல்சைமரைத் தவிர, சிறுசிறு பக்கவாதங்கள் சேர்ந்து உண்டாக்கும் மறதிநோய், லூயி படிவ மறதிநோய், முன்மூளையைத் தாக்கும் மறதிநோய் எனப் பல வகைகள் இருக்கின்றன. மறதிநோய் போலவே தோன்றும் வேறு கோளாறுகளும் உண்டு: பி12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளையுறைக்கு அடியில் உறைந்த இரத்தம். காலத்தே கண்டால் இவற்றை மாற்ற முடியும். வயதின் மேல் பழி போட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

எத்தனை பேருக்கு இந்நோய் உள்ளது என்ற கேள்வி 1990களில் எழுந்தது. சென்னையை அடுத்த திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் எஸ். ராஜ்குமாரும் ஆர். தாராவும் உள்ளிட்ட குழு நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 3.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக அது கண்டது. அடுத்துவந்த 10/66 ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் உருவானது. உலக நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கு நடப்பதில்லை என்பதையே அப்பெயர் சுட்டியது. தமிழ்நாட்டில் சென்னை நகர்ப்புறமும் வேலூர்க் கிராமப்புறமும் அதன் களங்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வியப்பளித்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி 0.8 விழுக்காட்டினருக்கே நோய் இருந்தது. கல்வியறிவின்மையைக் கருத்தில் கொண்டு வகுத்த 10/66 அளவுகோலில் அது 10.6 விழுக்காடாக உயர்ந்தது. அமெரிக்க வரையறை, நோயால் அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்கிறது. கூட்டுக் குடும்பத்தில் முதியவரிடம் யாரும் வேலை எதிர்பார்ப்பதில்லை. சோறு போட மருமகளும் கடைக்குப் போகப் பேரனும் இருக்கையில், எது கெட்டது என்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை. குடும்பத்தின் தாங்குதலே நோயைக் கணக்கிலிருந்து மறைத்தது.

அந்தத் தாங்குதல் இப்போது சுருங்கி வருகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற புறநகர்களில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அடுப்பை அணைக்க மறக்கும் முதியவரைப் பகலில் பார்க்க ஆளில்லை. 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் அறுபது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

பராமரிப்புக்கான அமைப்புகள் மெல்லவே வளர்ந்தன. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கம் பின்னர் சென்னையிலும் கிளை விட்டது. 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், அண்ணா நகர் மேற்கில் மறதிநோய்ப் பராமரிப்பையும் மேற்கொள்கிறது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. 1996இல் வந்த டோனிபெசில் அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கிறது. அமிலாய்டை அகற்றும் புதிய ஊசிகள் தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. தடுப்புக்கு இதைவிட இடமுண்டு. படிப்பின்மை, செவிட்டுத்தன்மை, இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம், தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைக் களைந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணித்தது. அவற்றில் பலவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டு சரிசெய்யலாம்.