ரங்கூனில் கழிந்த பத்து வாரங்கள்: 1942இல் நகர்ந்த போர்முனையும் பர்மா இந்தியரின் வெளியேற்றமும்

ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. இடையில் பத்து வாரங்களுக்கு மேல் இருந்தன. துறைமுகம் அப்போதும் இயங்கியது. இந்தியாவுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அப்படியிருக்க, ஏறத்தாழ நான்கு லட்சம் இந்தியர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தது ஏன்? குண்டு விழுந்தது, மக்கள் ஓடினார்கள் என்று இரண்டு வாக்கியங்களில் இந்த வரலாற்றை முடித்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. காலவரிசையைப் போர்முனையின் நகர்வோடு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சுருக்கம் நிற்காது. முதலில் ஓடியவர்கள் திருப்பி அழைத்துவரப்பட்டார்கள். மறுபடி புறப்பட்டபோது கடல்வழி அடைபட்டிருந்தது.

1931 குடிமதிப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கும் அதிகமானோர் அவர்களே. கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கியவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், கழிவு அள்ளியவர்கள் என நகரின் அன்றாடமே பெரும்பாலும் தெலுங்கர், தமிழர், ஒடியர் கைகளில் ஓடியது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு, 1930களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல், செட்டியார்களின் பெயருக்கு மாறியிருந்தது. 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிராகக் கலவரங்கள் நடந்தன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. இந்தியக் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 1941இல் கையெழுத்தானது. ஆகவே, படையெடுப்பு வந்தபோது இந்தியத் தொழிலாளியின் அச்சம் ஜப்பானியரைப் பற்றியது மட்டுமல்ல. பிரிட்டிஷ் நிர்வாகம் விலகிவிட்டால் அக்கம்பக்கத்தார் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் அதில் கலந்திருந்தது.

டிசம்பர் 23 அன்று விமானங்களை வேடிக்கை பார்க்க ஜனங்கள் தெருவில் நின்றார்கள். பதுங்குகுழிகள் போதிய அளவில் இல்லை. அன்றும் கிறிஸ்துமஸ் நாளன்றும் விழுந்த குண்டுகளில் ஏராளமானோர் மாண்டனர். அடுத்த சில நாள்களில் புரோம் சாலையில் ஆயிரக்கணக்கான இந்தியர் வடக்கு நோக்கி நடந்தனர். துறைமுகத்தில் சரக்கு இறக்க ஆளில்லை. பிணங்களை அகற்ற ஆளில்லை. ஆளுநர் ரெஜினால்டு டோர்மன்-ஸ்மித்தின் நிர்வாகம் அப்போதுதான் இந்தக் கூலிகள் இல்லாமல் நகரம் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று உணர்ந்தது. போனவர்களிடம் பேசி, பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொல்லிப் பெரும்பகுதியினரைத் திரும்ப வைத்தது. கப்பலில் டெக் பயணிகளாகப் போகக்கூடிய இந்திய ஆண்களுக்குத் தடையும் விதித்தது. கேபின் டிக்கெட் வாங்க வசதியுள்ளவர்களை அந்தத் தடை தொடவில்லை. கடல்வழி தப்பியவர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. வணிகர்களும் உத்தியோகஸ்தர்களும் அவர்களின் குடும்பங்களும் அதில் கணிசம். துறைமுகம் இயங்கினால்தான் போர்த்தளவாடம் இறங்கும் என்ற வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அந்தத் தளவாடத்தை இறக்கியவனுக்குக் கடைசியில் ஒரு படகுகூட ஒதுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதற்குள் போர்முனை தெற்கிலிருந்து ஏறி வந்துவிட்டது. ஜனவரி 19இல் தவாய், 31இல் மௌல்மேன். பிப்ரவரி 23 அதிகாலையில் சித்தாங் ஆற்றுப் பாலத்தைப் பிரிட்டிஷ் படையே, தன் வீரர்களில் பலர் மறுகரையில் இருக்கும்போது, வெடிவைத்துத் தகர்த்தது. அதன்பின் ரங்கூனைக் காக்க வழியில்லை. வெளியேறும்படி அரசு அறிவித்த அந்த நாள்களில் ரயிலிலும் சாலையிலும் இடம் படைக்கே முதலில் போனது.

முதல் தரைவழி புரோமிலிருந்து அரக்கன் மலைத்தொடரைக் கடந்து டாங்கப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். தண்ணீர் அரிதான இந்தக் கணவாயில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்தனர். புரோமிலேயே காலரா பரவியது. ஏப்ரல் தொடக்கத்தில் புரோம் விழுந்ததும் இவ்வழி முடிந்தது. அரக்கனில் அதே மாதங்களில் மூண்ட இனக்கலவரம் அதைக் கொடுமையாக்கியிருந்தது.

இரண்டாவது வழிதான் தமிழ் வாசகர்கள் ஓரளவு அறிந்தது. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தாம் நடந்து வந்ததைப் பிற்காலத்தில் 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று எழுதினார். படித்தவர் ஒருவர் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்த சாட்சியம் அது. உடன் நடந்த கூலிகளில் பெரும்பாலோரின் கதை எழுத்துக்கு வரவில்லை. இந்த வழியின் வாசல் மாந்தளை. நகரைச் சுற்றிய முகாம்களில் பல்லாயிரம் பேர் முடங்கிக் கிடந்தனர். வழியில் உணவும் நீரும் போதாது என்று நாள்தோறும் இத்தனை பேர்தான் போகலாம் என அளவு வைத்திருந்தார்கள். ஏப்ரல் 3 அன்று மாந்தளைமேல் குண்டு விழுந்து மரவீடுகள் எரிந்தன. அதற்குமேல் அளவும் இல்லை, அனுமதியும் இல்லை. மோனிவாவிலிருந்து சிந்துவின் ஆற்றில் படகேறிக் கலேவா, அங்கிருந்து மலேரியாவுக்குப் பெயர்போன கபாவ் பள்ளத்தாக்கு, தாமு, மலையேறிப் பாலேல், இம்பால், கடைசியாக டிமாப்பூர் ரயில்நிலையம். இதே வழியைத்தான் தளபதிகள் அலெக்சாண்டர், ஸ்லிம் தலைமையில் பின்வாங்கிய படையும் பிடித்தது. லாரியும் படகும் சோறும் யாருக்கு முதலில் என்பதில் அகதி பின்னுக்குத் தள்ளப்பட்டார்.

மணிப்பூர் எல்லையில் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியருக்கு நல்ல பாதையும் வசதியான முகாமும், இந்தியருக்குக் கரடுமுரடான வேறு பாதையும் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. 'வெள்ளைப் பாதை', 'கறுப்புப் பாதை' என்று பேசப்பட்டவை இவைதாம். வைசிராய் நிர்வாகக் குழுவில் வெளிநாட்டு இந்தியர் துறையைப் பார்த்த எம். எஸ். அணேயும் மத்திய சட்டமன்ற மேலவை உறுப்பினர் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அசாம் பகுதிக்கு நேரில் போய்ப் பார்த்தனர். பாரபட்சம் நடந்ததைக் குன்ஸ்ரு வெளிப்படையாகவே சொன்னார். ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, காந்தியும் எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டமாக வெடித்த கோபத்துக்கு இந்தப் பாதைகளிலிருந்து ஊர்களுக்குத் திரும்பியவர்கள் சொன்ன செய்தியும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பேரரசு யாரைக் கைவிடும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

மூன்றாவது வழியைத் தெரிந்து தேர்ந்தவர் குறைவு. லாஷியோ ஏப்ரல் 29இலும் மாந்தளை மே 1இலும் விழுந்தபின் வடக்கே ஒதுங்கியவர்களுக்கு மிட்சினா விமானத்தளம் ஒன்றே நம்பிக்கை. மே 6 அன்று அதன்மேலும் குண்டு விழுந்தது. மிஞ்சியது ஹுகாவ்ங் பள்ளத்தாக்கும் பாங்சாவ் கணவாயும்; எதிரே பருவமழை. சேற்றில், அட்டைக்கடியில், புண்ணோடு நடந்தவர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு இந்தியத் தேயிலைச் சங்கம் அமைத்த முகாம்களுக்கு உண்டு; அந்த முகாம்களுக்கு அரிசி சுமந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மழைக்காலம் முழுதும் ஷிங்புவியாங்கில் சிக்கியவர்களுக்கு விமானத்திலிருந்து உணவு போடப்பட்டது. அதே தடத்தில் பிறகு லெடோ சாலை போடவந்த படையினர் வழியெங்கும் எலும்புக்கூடுகளைக் கண்டனர்.

இறந்தவர் தொகை பற்றி வரலாற்றாளரிடையே ஒருமை இல்லை. 1975இல் இவ்வெளியேற்றத்தை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்த ஹியூ டிங்கர் பத்தாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையே வைத்தார். ஒரு லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. இம்பாலிலும் டிமாப்பூரிலும் வந்து சேர்ந்தவர்களை எண்ணினார்கள். புரோமிலும் மாந்தளையிலும் புறப்பட்டவர்களை எண்ணியவர் இல்லை. அந்த விரிந்த இடைவெளிக்குக் காரணம் அதுதான்.

போர் முடிந்தபின் திரும்பிப்போக விரும்பியவர்களுக்கு 1947ஆம் ஆண்டுப் பர்மிய அவசரக் குடியேற்றச் சட்டம் குறுக்கே நின்றது. 1964இல் நெ வினின் ராணுவ அரசு கடைகளைத் தேசியமயமாக்கியபோது மற்றொரு வெளியேற்றம் நடந்தது, இம்முறை கப்பலில். அப்படித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தவர்களில் சிலர், இங்கே காலூன்ற முடியாமல், பர்மாவுக்கே திரும்பிவிட நினைத்து மணிப்பூர் வழியாகப் போனார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, தாமுவுக்கு எதிரே உள்ள மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் எழுந்தன.