பேசும் திறவுகோல்

லண்டன் மாநகரின் பிக்காடிலி வீதியில், 124ஆம் இலக்கக் கடையின் சாளரத்திலே ஒரு பூட்டு நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதனைத் திறக்கவல்ல கருவியைச் செய்வார்க்கு 200 கினி பரிசு என்ற அறிவித்தலும் உடனிருந்தது. அப்பூட்டின் அமைப்புக்கு 1784ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிராமா என்பார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அப்பரிசை எவரும் பெற்றிலர். 1851இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடைபெற்ற காலை, அமெரிக்கரான ஆல்பிரட் சாள்ஸ் ஹொப்ஸ் என்பார் ஆங்கு வந்தார். சப் நிறுவனத்தாரின் பெயர்போன பூட்டொன்றை 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பின்னர் பிராமாவின் பூட்டோடு 16 நாட்களில் 51 மணி நேரம் போராடி, அதனையும் வென்று பரிசைப் பெற்றார்.

அதன்பின் எழுந்த வாதமே நமக்கு வேண்டியது. பூட்டின் குறையை ஊரறியப் பேசுதல் கள்வருக்குப் பாடஞ் சொல்வதாகாதா என்று பலர் சினந்தனர். கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கறிவர்; அறியாதிருப்போர் பூட்டை விலைகொடுத்து வாங்குவோரே என்பது ஹொப்ஸ் தரப்பின் விடை. 1853இல் அவர் பெயரால் வெளிவந்த நூலிலும் இக்கருத்து வற்புறுத்தப்பட்டுள்ளது. அவ்வாதம் இன்று மோட்டார் வண்டியின் திறவுகோலைப் பற்றி மீண்டும் நடைபெறுகின்றது.

நாம் பேச்சுவழக்கிலே திறப்பு என்று கூறும் பொருள், மோட்டார் வண்டிக்குத் தொடக்கத்தில் இத்துணை இன்றியமையாததாய் இருக்கவில்லை. இயந்திரத்தைக் கைப்பிடியாற் சுழற்றியே இயக்கினர். 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் மின்விசையால் இயக்கும் முறை வந்தது. திறவுகோலைத் திருப்பியவுடன் இயந்திரம் உயிர்பெறும் முறையை 1949இல் கிறைஸ்லர் நிறுவனத்தார் புகுத்தினர். 1980இல் போர்ட் நிறுவனத்தார் கதவிலே எண்பொத்தான்களை அமைத்தனர். 1982இல் பிரான்சின் ரெனோ பியூகோ வண்டியைத் தொலைவில் நின்றே பூட்டவும் திறக்கவும் முடிந்தது.

எட்டத்திலிருந்து ஆணையிடும் திறவுகோலுக்கு ஒரு குறையுண்டு. ஒவ்வொரு முறையும் அது ஒரே சொல்லையே சொல்லுமாயின், மறைந்திருந்து கேட்டவன் அச்சொல்லைப் பதிவுசெய்து பின்னர் தானே சொல்லிவிடலாம். ஆதலின் மாறுங் குறியீடு பிறந்தது. திறவுகோலும் வண்டியும் ஒரே கணக்கை வைத்திருக்கும். பொத்தானை அழுத்துந்தோறும் புதியதொரு குறியீடு பிறக்கும். ஒருமுறை வழங்கிய குறியீடு மறுமுறை செல்லாது. இத்தகைய முறைகளுட் புகழ்பெற்ற கீலொக், 1980களின் நடுவில் தென்னாபிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தாரைச் சென்றடைந்தது. 2008இல் ஜேர்மனியின் றூர் பல்கலைக்கழக அறிஞர், சில்லு தொழிற்படும்போது கொள்ளும் மின்சாரத்தை அளந்தே அதன் மறைபொருளை வெளிக்கொணர்ந்தனர்.

அதற்கு முன்னரே வேறொரு வசதி வந்துவிட்டது. 1993ஆம் ஆண்டுக் கோர்வெட் வண்டியிலும், அப்பத்தாண்டின் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளிலும், பொத்தானை அழுத்தும் வேலையும் ஒழிந்தது. திறவுகோல் சட்டைப்பையிலேயே கிடக்கும். வண்டி ஏறத்தாழ 130 கிலோஹேட்ஸ் அதிர்வெண்ணில், மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே கேட்கத்தக்க மெல்லிய குரலில் அழைக்கும். திறவுகோல் அதனைக் கேட்டு, 315 அல்லது 433 மெகாஹேட்ஸ் அலையில் விடையிறுக்கும். குரல் கேட்டதாயின் உரியவர் அருகிலே நிற்கின்றார் என்பது வண்டியின் துணிபு. பிழை முழுவதும் அத்துணிபிலேயே தங்கியிருக்கின்றது.

வண்டியருகே ஒருவனும் வீட்டு வாயிலருகே மற்றொருவனுமாக நின்று, வண்டியின் அழைப்பை உள்ளேயும் திறவுகோலின் விடையை வெளியேயும் கடத்தினால் என்னாகும்? ஸூரிச் நகர உயர் தொழினுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பிரான்சியோன், டனேவ், சாப்குன் என்னும் மூவர், 8 நிறுவனங்களின் 10 வகை வண்டிகளில் இதனைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். பத்தும் ஏமாந்தன. குறியீட்டை எவரும் உடைக்கவில்லை. அதன் பொருளை அறியவுமில்லை. சதுரங்கம் அறியாத ஒருவர் இரு பேராசான்களுடன் அஞ்சல்வழி ஆடி, ஒருவரின் நகர்த்தலை மற்றவருக்குத் தம்முடையதாக அனுப்பிவைத்தால் இருவரிடமும் தோற்க இயலாதன்றோ? கணிதவியலார் ஜோன் கொன்வே 1976இல் எழுதிய இவ்வேடிக்கையே ஈண்டுக் களவாகியது. 2017இல் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பொலிசார், இவ்வாறு ஒரு கார் வீட்டு முற்றத்திலிருந்து களவுபோகும் படத்தையே வெளியிட்டனர்.

ஹொப்ஸ் காலத்து வாதம் நீதிமன்றத்தையும் எட்டியது. இயந்திரத்தை முடக்கிக் காக்கும் மெகாமொஸ் என்னும் சில்லின் குறையைப் பேர்மிங்ஹம், நெய்மேகன் பல்கலைக்கழக அறிஞர் கண்டறிந்தபோது, 2013இல் வொக்ஸ்வாகன் நிறுவனத்தார் இங்கிலாந்து உயர்நீதிமன்றில் வெளியீட்டுக்குத் தடை பெற்றனர். 2015இல், ஒரேயொரு வாக்கியம் நீக்கப்பட்டு, அக்கட்டுரை வெளிவந்தது. அவ்விரண்டு ஆண்டுகளில் வண்டி வாங்கியோருக்கு இம்மௌனத்தால் விளைந்த நன்மை யாதென்று எமக்கு விளங்கவில்லை.

பின்வந்த திறவுகோல்களுட் சில, அசைவின்றிக் கிடந்தால் உறங்கிவிடும். வேறு சில, அலை சென்று மீளும் நேரத்தை அளக்கும். ஒரு நானோ விநாடியில் ஒளி செல்லுந் தூரம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். ஆதலின் இடையே நிற்பவன் குரலைக் கடத்தலாமேயன்றித் தூரத்தை மறைக்கவியலாது.

பழைய வகைத் திறவுகோல் உடையோர் அதனை வாயிலருகே ஆணியில் தொங்கவிடாது, உலோகப் பெட்டியுள் மூடிவைத்தல் நன்று. மேலதிகத் திறவுகோலுக்கும் இது பொருந்தும். 1836இல் மைக்கல் பரடே செய்துகாட்டிய உலோகக் கூட்டின் தத்துவமே இதற்கும் அடிப்படை. ஆயினும் மெல்லிய தகடு தாழ்ந்த அதிர்வெண்ணை முற்றாகத் தடுப்பதில்லை. மூடி பொருந்தாவிடின் உயர்ந்த அதிர்வெண்ணும் கசியும். ஆகவே பெட்டியோடு வண்டியருகே சென்று கதவின் பிடியை இழுத்துப் பார்த்தல் வேண்டும். கதவு திறக்குமாயின், அப்பெட்டி பிஸ்கற் வைப்பதற்கே உதவும்.