கின்கராகாமி

கின்கராகாமி என்பது வாஷி எனப்படும் ஜப்பானியக் கைத்தாளின் மேல் உலோக ரேக்கு ஒட்டிப் புடைப்பு வேலைப்பாடு செய்யப்படும் சுவர்த்தாள் ஆகும். ஐரோப்பியச் சுவர்களை அலங்கரித்த பொன்வண்ணத் தோலைப் போலச்செய்ய உருவான இது, மெய்ஜி காலத்தில் (1868–1912) ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியானது.

ரேக்கு ஒட்டிய தாளை நனைத்து, சித்திரம் செதுக்கிய மர உருளையில் சுற்றி, தடித்த மயிர்த் தூரிகையால் அடிப்பர். தாள் பள்ளங்களில் இறங்கிப் புடைப்பு உருவாகும். கிழியாமல் அடிப்பதே கடினம். வாஷியின் நீண்ட நார்களே அவ்வடியைத் தாங்குகின்றன. உலர்ந்தபின் மெருகெண்ணெய் பூசி வண்ணம் தீட்டுவர். பொன்னுக்குப் பதிலாக வெள்ளீய ரேக்கும் பயன்படும். மெருகெண்ணெய் பட்டதும் அது பொன்போலவே தோன்றும்.

20ஆம் நூற்றாண்டில் இக்கலை வழக்கொழிந்தது. 1980களில் ஒதாரு நகரின் பழைய கப்பல் நிறுவனக் கட்டடத்தைப் புதுப்பிக்க நேர்ந்தபோது, தக்காஷி உவேதா இதனை மீட்டெடுத்தார். இன்றைய பெயரும் அவர் இட்டதே, முற்பெயர் கின்கராகவாகாமி.