சிப்பாய் காலும் நம்ம பசங்க காலும்

புதுக்கோட்டைப் பக்கம் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகுற பசங்க நிறைய. முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்போரம் நீளமா ஒரு வலி வரும். ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ்னு சொல்வாங்க. இந்த வலியோட வரலாறு விளையாட்டு மைதானத்துல இல்லைங்க, பட்டாளத்துல தொடங்குது.

1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட தூரம் நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். காரணம் அப்போ பிடிபடல. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். இரண்டே வருஷத்துல, 1897-இல், அது பாத எலும்பு முறிவுதான்னு தெரிஞ்சது. கீழே விழல, அடிபடல. வெறும் நடை எலும்பை உடைச்சிருக்கு! 1958-இல் இங்கிலாந்தின் டெவாஸ், ஓட்டக்காரர்களின் முன்னங்கால் வலியிலும் இப்படிப்பட்ட கீறல்கள் ஒளிஞ்சிருக்கலாம்னு காட்டினார்.

காரணம் எளிமையானது. பளு கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பிக்கும். பழசைக் கரைக்கிறது சீக்கிரம் நடக்கும்; புதுசைக் கட்ட வாரக்கணக்காகும். அந்த இடைவெளியில ஓடிக்கிட்டே இருந்தா, கரையுறது கட்டுறதை முந்திடும்.

சரி, வைத்தியம்? அமெரிக்கக் கடற்படை அகாதெமியில் 2,777 முதலாண்டு மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 1974-இல் வந்தது. ஐஸ், மாத்திரை, தசை நீட்டும் பயிற்சி, மாவுக்கட்டுன்னு எல்லாம் பார்த்தாங்க. எதுவும் வெறும் ஓய்வை ஜெயிக்கல.

ஆனா ஒரு வித்தியாசம் கவனிச்சீங்களா? அந்த மாணவர்கள் ஏற்கெனவே உள்ளே போனவங்க. நம்ம பசங்க உள்ளே போகத்தான் ஓடுறாங்க. காவலர் தேர்வுல ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். உடல்தகுதித் தேதி நெருங்கும்போது 'ரெண்டு வாரம் ஓடாதே'ன்னா யாரு கேட்பா? வலி மாத்திரையைப் போட்டு ஓடுவான். கீறல் விழுந்தா அந்த வருஷமே போச்சு. உலகத்துலேயே மலிவான மருந்து ஓய்வு. வேலையில்லாத வீட்டுல அதுதான் விலை அதிகம்.

அதனால தம்பிங்களா, அறிவிப்பு வரட்டும்னு காத்திருக்காம முன்னாடியே மெதுவா ஆரம்பிங்க. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தார் ரோட்டை விட்டு மண்ணுல ஓடுங்க. வலி வந்தா நிறுத்துங்க; ஐஸ் வெச்சா வலி குறையும், அவ்வளவுதான். வலியில்லாம நடக்க முடிஞ்ச பிறகு ஓட்டம். ஒரே புள்ளியில் குத்தினாலோ, ராத்திரி படுத்தும் வலிச்சாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்க. 1897-லயே கிடைச்ச பதிலுக்கு இன்னைக்கு ஏன் தாமதம்?