வலிக்குப் பராக்குக் காட்டும் கலை

செங்கற்பட்டிலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டிச் சென்றால் படாளம் வரும். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். இப்பகுதியில் ஒரு குழந்தையின் மேல் கொதிநீர் கொட்டிவிட்டால், செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கே தூக்கிச் செல்வர். தீப்புண் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுட்ட நேரத்து வலியைவிட, கட்டு மாற்றும் வலிக்கே அவர்கள் மிகுதியும் அஞ்சுவர். புண்ணைக் கழுவ வேண்டும். செத்த தோலை நீக்க வேண்டும். அதையும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். அச்சம் வலியைக் கூட்டும்; அந்த வலி மறுநாளைய அச்சத்தை வளர்க்கும்.

அப்படியானால் வலியே இல்லாதிருந்தால் நல்லதன்றோ? இதற்கு விடை செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருக்கிறது. அங்கு 1955-இல் மைய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. தொழுநோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடும். சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் முள் தைத்தாலும் நோயாளிக்குத் தெரியாது. விரல்கள் தேய்வதற்கு இவ்வாறு உணராமற்படும் காயங்களும் அவற்றில் சேரும் கிருமிகளுமே பெருங்காரணம் என்பதை வேலூரில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். வலி நம் உடலின் காவற்காரன். ஆனால், கட்டு மாற்றும்போது அவன் எழுப்பும் கூச்சலால் பயனில்லை. ஆபத்து முன்பே தெரிந்துவிட்டது, மருத்துவமும் நடக்கிறது.

இக்கூச்சலை மட்டும் அடக்க முடியுமா? இரண்டாம் உலகப் போரில், இத்தாலியப் போர்முனையில், ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். படுகாயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் வலிமருந்து கேட்கவில்லை! உயிரோடு போர்முனையிலிருந்து மீண்டோம் என்ற நிம்மதியே காரணம் என அவர் கருதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கியது.

1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் ‘வாயிற்கதவுக் கொள்கை’யை வெளியிட்டனர். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கிறது. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால், தொடுவுணர்ச்சி அவ்வாயிலைச் சற்று மூடுகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அதை மூடவல்லவை என்றனர். இக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது.

ஊசி போடும்போது கிலுகிலுப்பை ஆட்டிப் பராக்குக் காட்டும் தாய் செய்வதும் இதை ஒட்டியதே. மனத்தின் கவனம் அளவுக்கு உட்பட்டது. அதில் பெரும்பங்கை வேறொன்று பிடித்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

இதைக் கணிப்பொறியால் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் ஆவர். தீப்புண் பட்ட இரு இளைஞர்களுக்குக் காயம் பேணும்போது, கண்களை மூடும் கருவி அணிவித்து மெய்நிகர் உலகில் உலவவிட்டனர். சாதாரண வீடியோ விளையாட்டு ஆடியபோது இருந்ததைவிட அப்போது வலி குறைந்ததென 2000-இல் அறிவித்தனர். பின்னர் ‘பனியுலகம்’ என்ற விளையாட்டு உருவாயிற்று. வெந்த உடலோடு படுத்திருப்பவர் அங்கே பனிமனிதர்கள்மேல் பனியுருண்டை வீசுவார்! 2004-இல் நலமான தொண்டர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். வலியோடு தொடர்புடைய பகுதிகளின் செயற்பாடே குறைந்திருந்தது. வலி குறைந்தது வெறும் வாய்ச்சொல் அன்று.

எனினும் இது வலிமருந்துக்கு மாற்றன்று, துணையே. சிலருக்குத் தலைசுற்றல் வரும். முகத்தில் புண் உள்ளோர் கருவியை அணிவது கடினம். விலையும் ஒரு தடை. ஆனால் இன்று செல்பேசி இல்லாத வீடு அரிது. மருந்து கொடுத்தபின், கட்டை அவிழ்க்கும் முன்பே, குழந்தை தானே ஆடும் ஒரு விளையாட்டை அதில் தொடங்கிவைக்கலாம். வலி கவனத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அதை மீட்பது கடினம். இதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டியதில்லை; கட்டுக்கட்டும் அறையில் சற்றுப் பொறுமை உள்ள ஒருவர் போதும்.